பென் டிரைவும் பள்ளியெழுச்சியும்

தூங்குகிறவனை எழுப்பிவிடலாம், தூங்குகிறாற்போல் பாசாங்கு செய்கிறவனை எழுப்ப முடியாது என்று பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். அவர்கள் காலத்தில் கம்ப்யூட்டர் இருந்திருந்தால் மூன்றாவது வகை ஒன்றையும் சேர்த்துச் சொல்லியிருப்பார்கள். தான் யார், தன் கை எங்கே, கால் எங்கே என்று ஒன்றுமே தெரியாமல் கண் விழிக்கிற பிராணி அது. காலையில் நாம் பொத்தானை அமுக்குகிற அந்தக் கணத்தில் அதற்கு எழுத்தும் தெரியாது, படமும் தெரியாது. தன் வயிற்றுக்குள்ளே ஒரு வட்டு இருக்கிறது என்பதுகூடத் தெரியாது. ஒரு நிமிஷத்துக்குள் எல்லாம் தெரிந்த பண்டிதனாக நம் முன்னால் உட்கார்ந்திருக்கிறது. அந்த ஒரு நிமிஷத்தில் நடக்கிற திருப்பள்ளியெழுச்சியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லலாம் என்று உத்தேசம்.

இதற்கு இங்கிலீஷ்காரன் வைத்த பெயர் ‘பூட்’. பூட்ஸின் பின்புறத்தில் இழுத்து மாட்டுவதற்காக ஒரு வார் இருக்குமே, அந்த வாரைப் பிடித்துத் தன்னைத்தானே தரையிலிருந்து தூக்கிக்கொள்வது என்ற அசட்டுக் கற்பனையில் பிறந்த பதம் அது. 1950களிலேயே கம்ப்யூட்டர்க்காரர்கள் அதைத் தங்கள் தொழிலுக்கு எடுத்துக்கொண்டுவிட்டார்கள். நம் ஊர்த் தர்க்க சாஸ்திரிகளைக் கேட்டால், எவ்வளவு தேர்ந்த கூத்தாடியானாலும் தன் தோள்மேல் தானே ஏறி நிற்க முடியாது என்பார்கள். இரண்டு பேரும் சொல்வது ஒரே சங்கடத்தைத்தான். இயந்திரத்தை நடத்துகிற புரோகிராம் வட்டில் இருக்கிறது. வட்டிலிருந்து அதை எடுக்க வேண்டுமானால் ஏற்கெனவே ஒரு புரோகிராம் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். அது எங்கிருந்து வரும்?

சங்கடத்தைத் தீர்த்த விதம் வெகு சாமர்த்தியமானது. கம்ப்யூட்டருக்குள் ஒரு சின்னச் சில்லு இருக்கிறது. மின்சாரம் போனாலும் மறக்காத சில்லு. 1981-இல் ஐ.பி.எம். கம்பெனி வெளியிட்ட பி.சி.யிலேயே அது உண்டு. விசைப்பலகை, நினைவகம் முதலியவை ஒழுங்காக இருக்கின்றனவா என்று ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, வட்டின் முதல் 512 பைட்டுகளைப் படித்து, அதனிடம் சாவிக்கொத்தைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்வதுதான் அதற்குத் தெரிந்த வித்தை. 512 பைட்டு என்றால் எவ்வளவு? யூனிகோடுத் தமிழில் ஒரு குறியீட்டுக்கு 3 பைட்டு. ஆக, 170 குறியீடு. கொம்பும் புள்ளியும் தனிக் குறியீடுகள் ஆனபடியால், ஒரு போஸ்ட் கார்டில் நாலைந்து வரி தேறினால் அதிகம். அந்த நாலைந்து வரி, தன்னைவிடப் பெரிய புரோகிராம் ஒன்று எங்கே படுத்திருக்கிறது என்று கண்டுபிடித்துத் தட்டி எழுப்பும். அது இன்னும் பெரியதை எழுப்பும். காவல்காரன் பரிசாரகரை எழுப்ப, பரிசாரகர் அர்ச்சகரை எழுப்ப, அர்ச்சகர் சுவாமியை எழுப்புகிற கிரமம்தான். சமீப காலத்து இயந்திரங்களில் இருக்கிற சில்லு கொஞ்சம் அதிகம் படித்தது. யூ.இ.எஃப்.ஐ. என்று பட்டம். 512 பைட்டோடு நிற்காமல், குறிப்பிட்ட ஃபோல்டருக்குள் குறிப்பிட்ட பெயருள்ள பைலைத் தேடிப் பிடித்து ஓட்டும் அளவுக்கு அது தேறியிருக்கிறது.

சரி, சுவாமியே எழுந்திருக்காவிட்டால்? அல்லது வட்டு புதியதாக இருந்து, சுவாமி இன்னும் பிரதிஷ்டையே ஆகவில்லையென்றால்? அப்போது வெளியாள் ஒருவர் வரவேண்டியிருக்கிறது. முன்பெல்லாம் ஃப்ளாப்பித் தட்டு வந்தது, பிறகு ஸி.டி. வந்தது. 2000-ஆம் வருஷம் ஜெர்மனியில் க்ளாஸ் நாப்பர் என்பவர் ‘நாப்பிக்ஸ்’ என்று ஒரு ஸி.டி.யை வெளியிட்டார். வட்டைத் தொடாமலே, ஸி.டி.யிலிருந்தே லினக்ஸ் முழுவதும் ஓடியது. 2004-இல் உபுண்டு வந்தது. கேட்டவர்களுக்கெல்லாம் அதன் ஸி.டி.யைக் காசு வாங்காமல் தபாலில் அனுப்பினார்கள்; 2011 வரை அந்தத் தர்மம் நடந்தது. இப்போது அந்த உத்தியோகத்தைப் பென் டிரைவ் பார்க்கிறது. பென் டிரைவ் கடைக்கு வந்ததும் 2000-இல்தான். அமெரிக்காவில் ஐ.பி.எம். விற்ற முதல் பென் டிரைவில் 8 எம்.பி. மட்டுமே பிடித்தது. இன்றைக்கு அதைப்போல் ஆயிரம் மடங்கு பிடிக்கிற 8 ஜி.பி. குச்சியைக் கடைக்காரரிடம் கேட்டால், “அவ்வளவு சின்னதா?” என்று ஏற இறங்கப் பார்க்கிறார்.

சமீபத்தில் இந்தக் குச்சிக்கு மவுசு கூடியிருக்கிறது. விண்டோஸ் 10-க்கு அளித்துவந்த ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. அடுத்த பதிப்பான விண்டோஸ் 11-க்கு டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும். ஓரளவு புதிய பிராசஸரும் வேண்டும். ஆகவே, கையும் காலும் நன்றாக இருக்கிற பழைய கம்ப்யூட்டர்கள் எத்தனையோ ‘இனி என்ன?’ என்று விழித்துக்கொண்டு நிற்கின்றன. அவற்றுக்கு லினக்ஸைப் போட்டு இன்னும் சில வருஷம் உழைக்க வைக்கலாம். குச்சி செய்யத் தெரிந்தவனுக்கு அக்கம்பக்கத்தில் ஒரு மரியாதை ஏற்பட்டிருப்பது அதனால்தான். என்னிடம் வந்த கேஸ் ஒன்றைச் சொல்கிறேன்.

எங்கள் சைதாப்பேட்டைத் தெருவில் ஒரு பூகோள வாத்தியார் இருந்தார். ரிடையரானவர். 1999-இலிருந்து தினம் காலை எட்டரை மணிக்கு மொட்டை மாடிக்குப் போய் மழை அளந்துவந்தார். வானிலை இலாகாக்காரர்களும் எட்டரைக்குத்தான் அளக்கிறார்கள் என்பதில் அவருக்கு ஏகப் பெருமை. நேர்ச்சுவர் உள்ள ஒரு டப்பாவும் ஒரு ஸ்கேலும்தான் கருவி. மழை பெய்யாத நாளிலும் போய்ப் பார்த்துவிட்டு ‘0’ என்று எழுதுவார். “பெய்யாத மழையை எதுக்கு அளக்கணும்?” என்று அவர் மனைவி கேட்பதும், “பெய்யலைங்கிறதை யாராவது எழுதி வைக்கணுமே” என்று அவர் பதில் சொல்வதும் தெருவில் எல்லோருக்கும் மனப்பாடம்.

2013-இல் ஒரு மடிக்கணினி வாங்கினார். 14 வருஷத்து நோட்டுப் புத்தகங்களையும் பார்த்துப் பார்த்து, ஒற்றை விரலால் டைப் அடித்து ஏற்றினார். ஏற்றி முடித்து ஆறு மாசம் ஆகவில்லை. 2015 டிசம்பர் வந்தது. தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் கொட்டித் தீர்த்ததும், அடையாறு கரை மீறியதும் சென்னைவாசிகளுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பீரோவின் அடித்தட்டில் இருந்த நோட்டுப் புத்தகங்கள் கூழாகிவிட்டன. மழைக் கணக்கை மழையே வந்து வாங்கிக்கொண்டு போயிற்று. பரணில் வைத்திருந்த மடிக்கணினி தப்பியது.

அந்த வாத்தியார் காலமாகிவிட்டார். ஒரு வருஷம் கழித்து மடிக்கணினியும் எழுந்திருக்க மறுத்தது. பொத்தானை அமுக்கினால் திரையில் புள்ளிகள் வட்டமாகச் சுற்றும், சுற்றிக்கொண்டே இருக்கும். பழுது பார்க்கிற கடையில், “எல்லாத்தையும் அழிச்சுட்டுப் புதுசாப் போட்டாத்தாம்மா ஓடும், உள்ளே இருக்கிறது வராது” என்று சொன்னார்களாம். டெக்ஸாஸிலிருந்த மகன், “தூக்கிப் போட்டுட்டு வேற வாங்கிக்கோம்மா, பணம் அனுப்பறேன்” என்றானாம். அந்த அம்மாள் அதைப் பழைய துண்டு ஒன்றில் சுற்றி என் வீட்டுக்கு எடுத்துவந்தார்.

“மழைக் கணக்கு இதுக்குள்ளேதான் இருக்கு தம்பி” என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

சுவாமி எழுந்திருக்கவில்லை என்பதற்காகக் கோயில் நகைகள் களவு போய்விட்டதாக அர்த்தமில்லை. எழுப்புகிற புரோகிராம் கெட்டுப்போயிருக்கலாம். பைல்கள் வட்டில் பத்திரமாகவே இருக்கலாம். வட்டே உடைந்து கடகடவென்று சப்தம் போட்டால் சங்கதி வேறு. அதைத் தொடாமல் நிபுணரிடம் கொடுத்துவிட வேண்டும். பூட்டிட்டு மறையாக்கம் செய்த வட்டானால் கடவுச்சாவி இல்லாமல் ஒன்றும் நடக்காது. இந்த வட்டில் சப்தமும் இல்லை, பூட்டும் இல்லை. வெளியாள் ஒருவரை அனுப்பிப் பார்க்கலாம் என்று தோன்றியது.

என்னுடைய கம்ப்யூட்டரில் லினக்ஸ் மின்ட் என்பதன் 22-ஆம் பதிப்பை இறக்கினேன். 2024 ஜூலையில் வந்தது. 2029 வரை பராமரிப்பு உண்டு. பழைய இயந்திரங்களுக்கு ஏற்ற இலேசான வகை ஒன்றும் அதில் இருக்கிறது. விலை ஒன்றும் இல்லை. சுமார் 3 ஜி.பி. எடையுள்ள ஒரே பைலாக வருகிறது. ஐ.எஸ்.ஓ. பிம்பம் என்று பெயர், ஸி.டி.க்காக 1988-இல் வகுத்த ஒரு தர நிர்ணயத்தின் பெயர் அப்படியே நிலைத்துவிட்டது.

இறக்கியதும் செய்ய வேண்டிய முதல் காரியத்தைப் பெரும்பாலோர் செய்வதில்லை. பைலோடு கூட, 64 எழுத்தும் எண்ணுமாக ஒரு நீளமான சரிபார்ப்புக் குறியையும் வெளியிட்டிருப்பார்கள். ஷா-256 என்று அதற்குப் பெயர். நமக்கு வந்த பைலைக் கணக்கிட்டால் அதே குறி வர வேண்டும். ஒரே ஒரு பைட்டு மாறியிருந்தாலும் குறி அடியோடு மாறிவிடும். ‘இதென்ன வீண் சந்தேகம்?’ என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு விஷயம்: 2016 பிப்ரவரி 20-ஆம் தேதி இதே லினக்ஸ் மின்டின் இணையதளத்துக்குள் யாரோ புகுந்து, திருட்டு வாசல் வைத்த பிம்பம் ஒன்றை மக்கள் இறக்கிக்கொள்ளும்படி செய்துவிட்டார்கள்.  பால்காரர் எவ்வளவு யோக்கியரானாலும் பாலைக் காய்ச்சித்தானே குடிக்கிறோம்!

அடுத்தது, பிம்பத்தைக் குச்சியில் எழுதுவது. இங்கேதான் அநேகம் பேர் தடுமாறுகிறார்கள். மற்றப் பைல்களைப் போல இதையும் இழுத்துக் குச்சியில் போட்டுவிட்டு, கம்ப்யூட்டரில் செருகி, ஒன்றும் நடக்கவில்லையே என்று காத்திருக்கிறார்கள். நெல் மூட்டையைக் கட்டவிழ்க்காமல் வயலில் வைத்துவிட்டு வந்தால் பயிராகுமா? சில்லு தேடுவது முதல் 512 பைட்டை. அல்லது தனக்குத் தெரிந்த ஃபோல்டரில் தனக்குத் தெரிந்த பெயரை. மூட்டைக்குள் இருக்கிற மூட்டையைப் பிரித்துப் பார்க்க அதற்கு வழியில்லை. ஆகவே பிம்பத்தைப் பிரித்து, அதது இருக்க வேண்டிய இடத்தில் பரப்ப வேண்டும். அதற்கென்று தனிப் புரோகிராம்கள் இருக்கின்றன. 2011-இல் வந்த ‘ரூஃபஸ்’ விண்டோஸில் ஓடும். ‘எட்சர்’ எல்லாவற்றிலும் ஓடும். எந்தப் பிம்பம், எந்தக் குச்சி என்று இரண்டைக் காட்டி ஒரு பொத்தானை அமுக்கினால் சில நிமிஷங்களில் முடிந்துவிடும்.

‘எந்தக் குச்சி’ என்பதில் மட்டும் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்க்க வேண்டும். எழுதுவதற்கு முன்னால் அது குச்சியில் இருப்பதையெல்லாம் துடைத்துவிடுகிறது. பேரன் கல்யாணப் படங்கள் இருந்த குச்சியானாலும் தாட்சண்யம் பாராது. வெளி வட்டு ஏதாவது பக்கத்தில் செருகியிருந்தால் அதையும் பட்டியலில் காட்டும். நான் மற்ற எல்லாவற்றையும் கழற்றிவைத்துவிட்டு, பட்டியலில் ஒரே ஒரு பெயர் நிற்பதைப் பார்த்த பிறகுதான் பொத்தானைத் தொடுவது வழக்கம்.

அந்த அம்மாள் எதிரே உட்கார்ந்து எல்லாவற்றையும் கவனித்துக்கொண்டிருந்தார். “இதுக்கு என்ன பேரு தம்பி?” என்று கேட்டார்.

“பூட்டபிள் பென் டிரைவ்னு சொல்லுவாங்கம்மா.”

“பூட்டறதா? திறக்கணும்னுதானே வந்தேன்!”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு, “ஏர் பூட்டறதுன்னு வச்சுக்குங்களேன்” என்றேன். கிராமத்திலிருந்து வந்தவர். சித்திரையில் பொன்னேர் பூட்டுவதைப் பார்த்திருக்கிறார். “அப்ப சரி, நல்ல நாளாப் பார்த்துப் பூட்டுங்க” என்றார்.

குச்சியை மடிக்கணினியில் செருகிப் பொத்தானை அமுக்கியதும், எஃப் 12 என்ற விசையை விடாமல் தட்டினேன். இது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். சிலவற்றில் எஃப் 2, சிலவற்றில் எஃப் 9, சிலவற்றில் எஸ்கேப். ‘வட்டிலிருந்து எழுந்திருக்கட்டுமா, குச்சியிலிருந்தா?’ என்று சில்லு கேட்கும். குச்சியைக் காட்டினேன். திரை கறுத்தது, சில வெள்ளை எழுத்துக்கள் ஓடின, பிறகு ஒரு புது முகப்பு வந்து நின்றது. ஒரு வருஷம் சுற்றிக்கொண்டிருந்த புள்ளிகளைக் காணோம்.

இப்படிக் குச்சியிலிருந்து ஓடும்போது எல்லாமே நினைவகத்தில்தான் நடக்கிறது. நாமாகச் சொன்னாலொழிய வட்டில் ஒரு பைட்டையும் அது தொடாது. அணைத்தால் எல்லாம் மறந்துவிடும். நமக்கு வேண்டியதும் அதுதான். பழைய வட்டைப் படிப்பதற்கு மட்டும் திறந்தேன். ஃபோல்டருக்குள் ஃபோல்டராகப் போய்ப் பார்த்தால், ‘மழை’ என்று ஒரு பைல் இருந்தது.

திறந்தால், எண்கள் வரிசையாக நிற்கின்றன. தேதி, மில்லிமீட்டர் எல்லாம் சரி. பக்கத்தில் ‘குறிப்பு’ என்ற பத்தியில் மட்டும் இங்கிலீஷ் எழுத்துக்களை அள்ளித் தெளித்தாற்போல் என்னவோ கிடந்தது. அந்த அம்மாளின் முகம் வாடிவிட்டது. “கெட்டுப் போச்சா?” என்றார்.

கெட்டுப் போகவில்லை. வாத்தியார் யூனிகோடுக்கு முந்தைய பழைய எழுத்துரு ஒன்றில் டைப் அடித்திருக்கிறார். அந்த எழுத்துருக்களில், இங்கிலீஷ் எழுத்துக்கு உரிய எண்ணின்மேலேயே தமிழ் எழுத்தின் உருவத்தை ஏற்றி உட்கார வைத்திருப்பார்கள். எழுத்துரு கூடவே இருந்தால் தமிழ், இல்லாவிட்டால் கந்தர்கோளம். தமிழில் கம்ப்யூட்டரை முதலில் பழகியவர்கள் பலருடைய எழுத்து இன்றைக்கும் இப்படித்தான் வாயடைத்துக் கிடக்கிறது. நல்ல காலமாக, அவர் உபயோகித்த எழுத்துரு அதே வட்டில் எழுத்துருக்களுக்கான ஃபோல்டரில் இருந்தது. அதை எடுத்து இந்தப் பக்கம் போட்டுப் பைலை மறுபடி திறந்தேன்.

தமிழ் வந்தது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்த அம்மாள் படிக்க ஆரம்பித்தார். நானும் தோளுக்குப் பின்னால் நின்று படித்தேன். ‘14 மி.மீ. வீட்டில் வடாம் பிழிந்திருந்தார்கள். நனைந்தது. மழையின்மேல் கோபம் என்மேல் திரும்பியது.’ ‘0. வீட்டில் ஜுரம்.’ ‘0. வீட்டில் ஜுரம் தணிந்தது.’ ‘31 மி.மீ. பையன் விமானம் தாமதம். வீட்டில் சாப்பிடவில்லை.’ 2015 டிசம்பர் 2-ஆம் தேதிக்கு நேரே எண் இல்லை. ‘டப்பா நிரம்பி வழிந்தது. அளவு தெரியவில்லை’ என்று மட்டும் இருந்தது.

ரொம்ப நேரம் கழித்து அந்த அம்மாள் சொன்னார்: “இத்தனை வருஷத்துல ஒரு தடவை என் பேரை எழுதியிருக்காரா பாருங்க. எல்லாம் ‘வீட்டில்’தான்!” குரலில் கோபம் மாதிரிதான் இருந்தது.

பைலை ஒரு வெளி வட்டில் ஒரு பிரதி, வேறொரு குச்சியில் ஒரு பிரதி என்று எடுத்தேன். இரண்டையும் என் கம்ப்யூட்டரில் திறந்துகாட்டச் சொன்னார், காட்டினேன். எழுத்துருவையும் கூடவே வைத்தேன். குறிப்புகளை யூனிகோடுக்கு மாற்றுகிற வேலையைச் சாவகாசமாகச் செய்துகொள்ளலாம்.

இனி மீதி இருந்தது ஒன்றுதான். மடிக்கணினி மறுபடி உபயோகமாக வேண்டுமானால் லினக்ஸை வட்டில் நிறுவ வேண்டும். மொழி, விசைப்பலகை, ஊர் என்று நாலைந்து சாதாரணக் கேள்விகளுக்கு நடுவில், ‘வட்டில் உள்ளதை அழித்துவிட்டு நிறுவட்டுமா?’ என்று அது ஒரு கேள்வி கேட்கிறது. காப்பியில் சர்க்கரை போடட்டுமா என்று கேட்கிற தொனிதான். அதற்கு ‘ஆகட்டும்’ என்றால் பிறகு திரும்ப வழியில்லை. வேண்டாமென்றால் வேறொரு வட்டு வாங்கிப் போட்டு, பழையதை அப்படியே எடுத்து வைத்துக்கொள்ளலாம் என்பதையும் அந்த அம்மாளிடம் சொன்னேன்.

மூன்று நாள் யோசித்தார். நாலாவது நாள் வந்து, “அழிச்சுடலாம் தம்பி. சாமானைச் சும்மா போட்டு வச்சா அவருக்குப் பிடிக்காது. ஆனா அந்தப் பொத்தானை நான் அமுக்கறேன்” என்றார்.

“எதுக்கும்மா? நானே...”

“நீங்க அமுக்கி, பின்னால எனக்கு மனசு கேக்கலேன்னா உங்களைத் திட்டுவேன். நானே அமுக்கினா யாரைத் திட்டறது?”

அமுக்கினார். கை நடுங்கவில்லை. கால் மணி நேரத்தில் எல்லாம் முடிந்து, ‘குச்சியை எடுத்துவிட்டு எண்டர் விசையைத் தட்டவும்’ என்று திரையில் வந்தது.

எனக்கு இந்தக் குச்சியிடம் பிடித்த குணம் அந்தக் கட்டத்தில்தான் வெளிப்படுகிறது. கிராமத்து மருத்துவச்சி வருவாள். கதவைச் சாத்திக்கொண்டு தன் காரியத்தைப் பார்ப்பாள். குழந்தை அழுகிற சப்தம் கேட்டதும் வெற்றிலை பாக்கை வாங்கி மடியில் கட்டிக்கொண்டு போய்விடுவாள். பிறந்த குழந்தைக்கு அவள் யாரென்று கடைசி வரைக்கும் தெரியாது. இதுவும் அப்படித்தான். வேலை முடிந்ததும் தன்னை வெளியே எடுத்துவிடும்படி தானே சொல்கிறது. புதிதாய் எழுந்த இயந்திரத்தில் அது வந்துபோன சுவடே இருப்பதில்லை.

அதே குச்சி பிறகு எங்கள் தெருவில் இன்னும் இரண்டு வீட்டுக்குப் போய்வந்தது. நீங்களும் ஒன்று செய்து வைத்துக்கொள்ளுங்கள். கம்ப்யூட்டர் நன்றாக ஓடுகிற காலத்திலேயே செய்துவிடுவது நல்லது, படுத்துவிட்ட பிறகு அதைக்கொண்டு செய்ய முடியாது. செய்ததும் ஒரு துண்டுக் காகிதத்தில் இன்னதென்று எழுதி ஒட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் வீட்டில் யாராவது அதைக் காலிக் குச்சி என்று நினைத்து சினிமாப் பாட்டை ஏற்றிவிடுவார்கள்.